எஞ்சினின் மூச்சும் எண்ணெய்க் கசிவும்

மாற்றியமைத்த மோட்டார் எஞ்சின் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

ரெட்டியார்சத்திரம் பகுதியில் காய்கறியும் பூவும் பயிரிடுவோர் விளைச்சலை ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ திண்டுக்கல்லுக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். சின்னாளப்பட்டி நெசவாளர் நூலையும் துணியையும் ஏற்றி இறக்க வேண்டும். புது வண்டி வாங்க வசதியற்ற அன்பர்கள் பழைய காரையோ ஜீப்பையோ வாங்கி, பட்டறையில் எஞ்சினைத் திருத்தி ஓட்டுகின்றனர். சிலர் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுகின்றனர். சிலர் வேறு எஞ்சினையே பொருத்துகின்றனர். இன்னும் சிலர் கூடுதல் வலுவுக்காக டர்போ சேர்க்கின்றனர்.

இவ்வாறு திருத்திய எஞ்சின்களில் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்றே: "எண்ணெய் ஒழுகுகிறது." சீலை மாற்றுகிறார்கள், நிற்பதில்லை. கேஸ்கெட்டை மாற்றுகிறார்கள், நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் கூலியும் உதிரிப் பாகமும் போய்ச் சந்தை நாளும் வீணாகிறது. இத்தகைய செலவில் பெரும்பகுதி தவிர்க்கத்தக்கது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். மனத்தில் இருத்த வேண்டிய விதி இதுதான்: முதலில் எஞ்சினின் மூச்சைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சீலைப் பார்க்க வேண்டும்.

1. உள்ளே நடப்பது யாது?

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது மிகுந்த அழுத்தம் உண்டாகிறது. அது பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் வாயு கீழே இறங்காதபடி தடுக்கின்றன. ஆயினும் எவ்வளவு நல்ல ரிங்காயினும் முற்றிலும் தடுப்பதில்லை. சிறிதளவு வாயு ரிங்குகளின் ஓரமாக நழுவி, கிராங்க் தண்டு சுழலும் அடியறைக்குள் இறங்குகிறது. இவ்வறையே 'கிராங்க் கேஸ்' எனப்படுவது. இறங்கும் வாயுவை இப்பாடத்தில் 'நழுவு வாயு' என்று அழைப்போம்.

நழுவு வாயுவில் எரியாத எரிபொருள், புகைக்கரி, நீராவி, அமிலத்தன்மையுள்ள வாயுக்கள் ஆகியவை உள்ளன. நீராவியின் அளவு பலருக்கு வியப்பளிக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட, ஒரு சிறு பங்கு கிராங்க் அறைக்குள் வருகிறது. எஞ்சின் நன்கு சூடேறாத குறுகிய ஓட்டங்களில் இந்த ஆவி குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற வெளிறிய பசை படிந்திருப்பது இதன் அடையாளம். அப்பசை மிகுதியாக இருந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால், ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே கிராங்க் அறைக்கு ஒரு போக்குவழி அவசியம். அதுவே மூச்சுக்குழாய், பட்டறையில் 'பிரீதர்' என்பார்கள்.

2. மூச்சு அடைத்தால் விளைவது

உலை கொதிக்கும்போது மூடியை அழுத்திப் பிடித்தால் கஞ்சி ஓரமெல்லாம் பொங்கி வழிகிறது. பானையில் ஓட்டை இருப்பதால் அன்று, ஆவிக்கு வழியில்லாததால் வழிகிறது. எஞ்சினிலும் அவ்வாறே.

கணக்கிட்டுப் பார்ப்போம். கிராங்க் அறையில் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு அழுத்தம் கூடியதாகக் கொள்வோம். இது வெளிக்காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் இது 10 கிராம் எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. அடியிலுள்ள ஆயில் சம்ப் 40 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் இருந்தால் பரப்பு 800 சதுர செ.மீ.; மொத்தத் தள்ளல் 8 கிலோ. இந்த அழுத்தமே சம்ப் கேஸ்கெட், டாப்பெட் மூடி, முன் சீல், பின் சீல் என ஒவ்வோர் இணைப்பிலும் எண்ணெயை வெளியே நெருக்குகிறது. மிகப் பலவீனமான இடம் எதுவோ அங்கே முதலில் கசியும். அதை மட்டும் அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தில் கசியும். "ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று ஒழுகுகிறது" என்ற முறையீட்டின் இரகசியம் இதுவே.

நம் சாலைகளில் நெடுநாள் ஓடிய அம்பாசடர் கார் இதற்கு நல்ல உதாரணம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை இக்காரைச் செய்தது. பல்லாண்டுகள் அதில் இருந்த 1489 கன செ.மீ. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தாருடைய 'பி' வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையின் மூன்று தாங்கிகள் கொண்ட பழைய அமைப்பில், கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டின்மீது திருகுபுரி போன்ற வரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அவ்வரி எண்ணெயை உள்நோக்கித் திருப்பும். உள்ளே அழுத்தம் இல்லாதவரை இம்முறை போதுமானது. மூச்சுக்குழாய் அடைபட்டால், வரி திருப்பும் எண்ணெயைக் காட்டிலும் அழுத்தம் தள்ளும் எண்ணெய் மிகுதியாகிறது. அது கிளட்சின்மேல் படிந்து, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது. ரப்பர் சீலே இல்லாத இடத்தில் எந்தச் சீலை மாற்றிப் பயன் என்ன?

3. மூச்சுக்குழாயின் வகைகள்

பழைய முறையில் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் வண்டியின் அடிப்பக்கம் இறங்கியிருக்கும். வண்டி ஓடும்போது காற்று அதன் வாயை உரசிச் செல்வதால் இலேசான இழுப்பு உண்டாகி, வாயு வெளியேறும். வண்டி நின்றால் அல்லது மெதுவாகச் சென்றால் இழுப்பு இல்லை. மேலும் அந்த வாயு அப்படியே ஊர்க்காற்றில் கலந்தது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் புகைமூட்டம் பெருந்தொல்லையானபோது இதன் தீமை உணரப்பட்டது. கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் 1961-ஆம் ஆண்டு மாடல் முதலும், அமெரிக்கா முழுவதும் 1963 மாடல் முதலும், நழுவு வாயுவை எஞ்சினே மீண்டும் உறிஞ்சி எரிக்கும் அமைப்பு வந்தது. அதன் உறுப்பே 'பி.சி.வி. வால்வு'.

இவ்வால்வுக்குள் ஒரு சிறு முளையும் சுருள்வில்லும் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்டேக் மேனிபோல்டில் இழுப்பு மிகுதி. முளை இழுக்கப்பட்டு வழி குறுகுகிறது. பாரம் ஏறும்போது இழுப்பு குறைந்து வழி அகலுகிறது. அப்போதுதான் நழுவு வாயுவும் மிகுதி. ஆகவே இவ்வமைப்பு பொருத்தமானதே. எஞ்சின் பின்னடித்தால் வால்வு மூடிக்கொண்டு, தீ கிராங்க் அறைக்குள் புகாமல் காக்கிறது.

சிறுமலைப் பாதையில் பாரத்தோடு ஏறி இறங்குவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஏறும்போது நழுவு வாயு பெருகுகிறது. வழி போதாவிட்டால் எண்ணெய் கசிகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் எஞ்சினில் இழுப்பு மிகுகிறது. வால்வு கெட்டுத் திறந்தே இருந்தால் எண்ணெய் உறிஞ்சப்பட்டு நீலப்புகை வருகிறது.

4. மாற்றியமைக்கும்போது நேரும் பிழைகள்

எஞ்சினின் வலுவைக் கூட்டினால் நழுவு வாயுவும் கூடும். ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்தினாலும், டர்போ வைத்துக் காற்றைத் திணித்தாலும், வேகத்தை உயர்த்தி ஓட்டினாலும் ரிங்குகளைத் தாண்டும் வாயு மிகுதியாகிறது. ஆனால் மூச்சுக்குழாய் பழைய அளவிலேயே இருக்கிறது. புதிதாகக் கடைந்த சிலிண்டரில் ரிங் படியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, வாயு சற்று மிகுதியாகவே இருக்கும். அக்காலத்தில் மிதமான பாரத்தோடு, ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் அங்கத்தினர் பழைய காரின் எஞ்சினைக் கடைந்து, பெட்டி வடிவக் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, திறந்த கூம்பு வடிகட்டி பொருத்துகிறார். பழைய பெட்டியில் சேர்ந்திருந்த மூச்சுக்குழாய்க்கு இப்போது சேருமிடம் இல்லை. எண்ணெய்ப்புகை வருகிறதென்று பட்டறையில் அதன் வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுகிறார்கள். புகை நின்றது, ஒழுகல் தொடங்கியது. கியர் பெட்டியை இறக்கிச் சீல் மாற்றியும் பயனில்லை. அந்த போல்ட்டைப் பிடுங்கி, குழாயை முறையாக வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே சேர்த்திருந்தால் அச்செலவு நேர்ந்திராது.

டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு அபாயம் உண்டு. டர்போ வேலை செய்யும்போது மேனிபோல்டில் இழுப்பு இல்லை. மாறாக அழுத்தமே உண்டு. பி.சி.வி. வால்வு ஒருவழி வால்வாக உறுதியாக மூடாவிட்டால், டர்போவின் காற்றே கிராங்க் அறைக்குள் புகுந்து சீல்களைத் தள்ளிவிடும். ஆகவே டர்போ அழுத்தத்தில் வாயு வெளியேற, டர்போவின் காற்று உறிஞ்சும் வாய்க்கு முன்னால் இரண்டாவது குழாய் ஒன்று சேர்க்கப்பட வேண்டும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேறு எஞ்சின் பொருத்துவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ள வேண்டும். தவறினால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் தொகைக்கும் இடையூறு வரலாம்.

5. கசியும் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்றால் பின்னோக்கிப் போகும். எனவே நனைந்த பகுதியில் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ள இடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் ஆறிய பிறகு அழுக்கைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். சந்தேகமான இணைப்புகளின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், எண்ணெய் வரும் வழி கோடாகத் தெரியும். இரவில் வண்டியின் அடியில் வெள்ளட்டை ஒன்றை விரித்து வைத்தால் சொட்டின் இடமும் அளவும் தெரியும்.

சொட்டுத்தானே என்று அலட்சியம் கூடாது. 25 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் 1,440 சொட்டு, அதாவது ஏறக்குறைய 58 மில்லி. 30 நாளில் ஒன்றேமுக்கால் லிட்டர் வரை போய்விடும். அளவு பார்க்காமல் ஓட்டினால் பேரிங் எரிந்து எஞ்சினே பிடித்துக்கொள்ளும். நெசவாளருக்கு வேறொரு நஷ்டமும் உண்டு: நூல்கட்டின்மேல் எண்ணெய்ப்புகை படிந்தால், படிந்த இடத்தில் சாயம் சீராக ஏறாது.

6. அழுத்தத்தை அளத்தல்

பி.சி.வி. வால்வு உள்ள எஞ்சினில் எளிய சோதனை ஒன்று. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் ஒரு காகிதத்தை வைக்க வேண்டும். காகிதம் மெல்ல ஒட்டிக்கொண்டால் நலம். தூக்கியெறியப்பட்டால் உள்ளே அழுத்தம் உண்டு. விசிறியிலும் பெல்ட்டிலும் கையோ துண்டோ சிக்காமல் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அளந்து பார்க்க விரும்புவோர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் 2 மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, இரு புயங்களிலும் பாதிவரை நீர் ஊற்றலாம். ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் புகாதபடி பொருத்தி, மறுமுனையைத் திறந்து விட வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் இரு மட்டங்களின் வித்தியாசத்தைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிப்புயத்தில் நீர் உயர்ந்தால் உள்ளே அழுத்தம்; உட்புயத்தில் உயர்ந்தால் இழுப்பு. சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக் குழாய் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். அங்கே ஆயில் மூடியில் துளையிட்ட பழைய மூடி ஒன்றைப் பயன்படுத்தலாம். பலகையை எஞ்சினுக்குக் கீழ்மட்டத்தில் வைத்தால் நீர் எஞ்சினுக்குள் போகாது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்தால், செய்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

7. பரிகாரம்: வரிசை முறை

முதலாவதாக, எண்ணெய் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கி மூச்சுக்குழாய் வழியே வெளியேற்றும்.

இரண்டாவதாக, மூச்சுக்குழாயும் அதன் கம்பிவலையும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, குழாய் மடிந்தோ உட்புறம் சுருங்கியோ இருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவதாக, பி.சி.வி. வால்வு. முளையுள்ள வால்வைக் குலுக்கினால் உள்ளே அசையும் ஒலி கேட்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதன் வாயை விரலால் மூடினால் நல்ல இழுப்புத் தெரிய வேண்டும். இல்லையேல் மாற்றுக, விலை அதிகமில்லை.

நான்காவதாக, ரிங்குகள். மேற்கூறியவை நன்றாக இருந்தும் அழுத்தம் குறையாவிட்டால் கம்ப்ரஷன் மானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில், குறைந்த அளவு காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம். அளவு உயர்ந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். இந்த எண்ணெய்ச் சோதனையை டீசல் எஞ்சினில் செய்யலாகாது.

ஐந்தாவதாகவே சீலும் கேஸ்கெட்டும். பழைய ரப்பர் வெப்பத்தால் இறுகிப் போயிருந்தால் மூச்சு சீரான பின்னும் கசியும். அப்போது மாற்றுவது நிலைக்கும்.

வலுக் கூட்டிய எஞ்சின்களில் எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் கலம் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. பட்டறையில் 'கேட்ச் கேன்' என்பார்கள். அதற்குள் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். வெறும் டப்பா பயன் தராது. குழாயின் உள்விட்டம் பழைய அளவுக்குக் குறையலாகாது. குழாய் நடுவில் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கி அடைக்கும். துணிக்கழிவைத் திணிப்பது மூச்சையே அடைப்பதாகும். வெளிவழியைக் காற்று உறிஞ்சும் பக்கத்தில் சேர்க்க வேண்டுமேயன்றித் தெருவில் விடலாகாது. தேங்கியதை அடிக்கடி வடிக்க வேண்டும். அதை மீண்டும் எஞ்சினில் ஊற்றுவது தவறு.

செய்யத் தகாதவையும் உண்டு. சம்ப் போல்ட்டுகளை மிகையாக முறுக்கினால் தகடு வளைந்து கசிவு பெருகும். சிலிகான் பசையை அள்ளிப் பூசினால், உட்புறம் பிதுங்கிய பகுதி உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும். கனத்த எண்ணெயை ஊற்றிக் கசிவை மறைப்பது, காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்துவது போன்றது.

8. டீசல் எஞ்சினுக்குத் தனி எச்சரிக்கை

சாதாரண டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் மேனிபோல்டு இழுப்பு இல்லை. மூச்சுக்குழாய் காற்று வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருக்கும். எண்ணெய்த்துளிகள் மிகுதியாக உறிஞ்சப்பட்டால் அவையே எரிபொருளாகிவிடும். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அவ்வாறு நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். அல்லது காற்று வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையை வைப்பது பேராபத்து.

9. கிணற்று எஞ்சினுக்கும் இதுவே

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குவதால் கிராங்க் அறையின் கொள்ளளவு பெரிதும் மாறுவதில்லை. ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினில் ஒவ்வோர் இறக்கத்திலும் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. ஆகவே அதன் பிரீதரில் காற்றை வெளியே விட்டு, உள்ளே விடாத தகட்டு வால்வு வைக்கப்படுவதுண்டு. அத்தகடு அழுக்கால் ஒட்டிக்கொண்டால் அல்லது திருப்பிப் பொருத்தப்பட்டால் எண்ணெய் எல்லாப் பக்கமும் கசிந்து, கிணற்று மேடையிலிருந்து நீரிலேயே கலக்கும். குடிப்பதும் பாய்ச்சுவதும் அந்நீரே அல்லவா? மாற்றிய பழைய எண்ணெயையும் வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றாமல், தகரத்தில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.

10. சங்கத்தின் மூலம் செய்யக்கூடியது

கம்ப்ரஷன் மானியும் அளவுகோல் ஒட்டிய நீர்க்குழாய்ப் பலகையும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் முறைவைத்து அனைவரும் உபயோகிக்கலாம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய், அளந்த அழுத்தம் ஆகியவற்றை மாதம் ஒருமுறை எழுத வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகும் அங்கத்தினர் இந்தப் பலகையையும் ஒரு காகிதத்தையும் கையோடு கொண்டு சென்றால், விற்பவரின் வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டியிராது.

பயிற்சி வினாக்கள்

1. ஓரிடத்தில் கசிவை அடைத்தால் வேறோரிடத்தில் கசிவது ஏன்?
2. உங்கள் வண்டியின் மூச்சுக்குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பார்த்து எழுதுக.
3. சம்ப் பரப்பு 600 சதுர செ.மீ.; நீர்க்குழாயில் அழுத்தம் 5 செ.மீ. மொத்தத் தள்ளல் எத்தனை கிலோ?
4. டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினில் பி.சி.வி. வால்வு ஒருவழி வால்வாக இருக்க வேண்டிய காரணம் யாது?
5. சீல் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகளை வரிசையாகக் கூறுக.

மூன்றாம் வினாவின் விடை: 3 கிலோ.